கனித்தண்ணி

உலகம்மாள் வந்தபோது புஷ்பம் டீச்சர் சொளவில் முருங்கைக்கீரையைப் போட்டு ஆய்ந்துகொண்டிருந்தார்.

தூத்துக்குடிக்குத் தெற்கே, கடலை ஒட்டிய உப்பளங்களில் வேலை செய்யும் பெண்களுக்கு ஒரு சங்கம் உண்டு. அதைத் தொடங்கியவர் புஷ்பம். சிறுமியாக இருந்தபோது அளத்தில் உப்புச் சுமந்தவர். பிறகு பத்தாவது வரை படித்து, எழுத்துச் சொல்லிக்கொடுக்க அதே பெண்களிடம் திரும்பி வந்தார். எந்தப் பள்ளிக்கூடத்திலும் வேலை பார்க்காமலே டீச்சர் ஆகிவிட்டார்.

உலகம்மாள் அவரைவிட நாலைந்து வயது மூத்தவள். ஆனாலும் கையெழுத்துப் போடக் கற்றது அவரிடம்தான். அதிகாரிகள் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து பேசக் கற்றதும் அவரிடம்தான். போன வருஷம் டீச்சர் ஒதுங்கிக்கொண்டு, உலகம்மாளைத் தலைவியாக்கினார்.

அவள் தலைமையில் நடந்த முதல் வேலைநிறுத்தம் தோற்றுப்போனது.

பெண்கள் ஒதுங்க ஒரு மறைப்பும், கஞ்சி குடிக்க ஒரு நிழலும் கேட்டார்கள். அவ்வளவுதான். கண்ட்ராக்டர் வெளியூரிலிருந்து லாரியில் ஆள் கொண்டுவந்து இறக்கினார். நாளாக நாளாக அடுப்பு எரியாத வீடுகள் கூடின. ஒவ்வொருத்தியாக அளத்துக்குத் திரும்பினார்கள். கூட நின்றவர்களில் ஏழு பேரை மட்டும் கண்ட்ராக்டர் திரும்பச் சேர்க்கவில்லை.

உலகம்மாளைச் சேர்த்துக்கொண்டார். கும்பிட்டு, "வாங்க தலைவி" என்று சிரித்து வரவேற்றார். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க மதினி."

"நம்பி வந்தவளுக வாயில மண்ணைப் போட்டவ, சங்கத்துக்குத் தலைவியா இருக்கலாமா?"

டீச்சர் பழுத்த இலைகளைக் கிள்ளி எறிந்தார்.

"வேற ஆளைப் பாத்துக்கோங்க. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

"பேச்சித்தாயைப் பாத்தியளா?"

பேச்சித்தாய் அந்த ஏழு பேரில் ஒருத்தி. உலகம்மாளின் பேச்சைக் கேட்டு முதலில் கை தூக்கியவள். அவள் புருஷன் இடுப்பு விழுந்து படுக்கையில் கிடந்தான்.

"இல்ல."

"மத்தவங்களை?"

"எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் போவேன் டீச்சர்? அவங்க ஊர், தெரு வழியாப் போறதையே விட்டுட்டேன். சுத்தித்தான் போறேன்."

டீச்சர் சொளவை உள்ளே வைத்துவிட்டு, சேலையை உதறிக்கொண்டு வந்தார்.

"ஏரல் வரைக்கும் போயிட்டு வருவோம், வாங்க. கருவாடு வாங்கணும்."

உலகம்மாளுக்குச் சுருக்கென்றது. நெஞ்சு வெடிக்கிற மாதிரி ஒருத்தி வந்து நிற்கிறாள், இவருக்குக் கருவாடு முக்கியமாகப் போய்விட்டது. ஆனாலும் கூடப் போனாள். டீச்சர் கூப்பிட்டால் போய்த்தான் அவளுக்குப் பழக்கம்.

ஏரல் கடைத்தெருவில், சாக்குப் படுதாவின் கீழே ஒரு கிழவி உட்கார்ந்திருந்தாள். முன்னால் நெத்திலியும் சாளையும் கூறு கூறாக இருந்தன. ஒடிசலான உடம்பு. ஆனால் ஈ விரட்டிய கையில் வேகம் இருந்தது.

"இவங்க பேரு சண்முகக்கனி" என்றார் டீச்சர். "போன மாசம்தான் இங்க இருக்காங்கன்னு தெரிஞ்சுது. ரொம்ப நாளாத் தேடிக்கிட்டு இருந்தேன்."

கிழவி நிமிர்ந்து பார்த்தாள். "என்னைத் தேடுறதுக்கு என்ன இருக்கு? கருவாடு வேணுமா, வேண்டாமா?"

"வேணும் பெரியம்மா. நீங்க முன்னால எங்க அளத்துல வேலை பாத்தியளாமே?"

கிழவியின் கை நின்றது.

"ஆரு சொன்னா?"

"எங்கம்மா சொல்லும். என்ன நடந்துச்சுன்னு நீங்க சொல்லிக் கேக்கணும்னு ஆசை."

கிழவி கொஞ்ச நேரம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அடுத்தவர் வீட்டுக் கதை போலச் சொல்ல ஆரம்பித்தாள்.

"அப்பல்லாம் வீட்டுலேருந்து தூக்குவாளில கொண்டுபோற தண்ணிதான். வெயில் ஏறுமுன்னால தீந்துரும். என்கூட உப்பு வாரிக்கிட்டிருந்த பிள்ளைத்தாச்சி ஒருத்தி மயங்கி விழுந்துட்டா. கணக்கப்பிள்ளைகிட்ட தண்ணி கேட்டேன். 'அதான் எதுத்தாப்ல கடல் கெடக்கே, போய்க் குடி'ன்னான். எனக்கு வந்துச்சு பாரு கோவம். வரப்புல உக்காந்துட்டேன். தண்ணி வந்தாத்தான் எந்திரிப்பேன்னுட்டேன்."

"கூட யாரும் உக்காரலையா?" என்று கேட்டாள் உலகம்மாள்.

"ஆரு உக்காருவா? எல்லாருக்கும் வயிறுன்னு ஒண்ணு இருக்குல்லா. பொழுது சாயுற வரைக்கும் நான் மட்டும் இருந்தேன். அப்புறம் வாட்ச்மேன் வந்து கையைப் புடிச்சு இழுத்து வெளிய தள்ளிட்டான். அதோட சரி. வேற அளத்துலயும் சேக்கல. இங்க வந்து கருவாட்டுல விழுந்தாச்சு."

கிழவி சிரித்தாள். "வீம்பு புடிச்ச கழுதைம்பாரு எங்க வீட்டுக்காரர், சாகுற வரைக்கும். தண்ணியும் வரல, வேலையும் போச்சு."

டீச்சர் உலகம்மாள் பக்கம் திரும்பினார்.

"மதினி, நம்ம அளத்துல டிரம்முல குடிக்கிற தண்ணிக்கு என்ன பேரு?"

"கனித்தண்ணி."

சொன்ன பிறகுதான் உலகம்மாளுக்கு உறைத்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சொல்லிவந்த பேர். 'ஏளா, ஒரு செம்பு கனித்தண்ணி மொண்டு வா' என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள். உப்புக்காட்டுக்கு நடுவே கிடைக்கிற நல்ல தண்ணீர், பழம் மாதிரி இனிக்கிறது, அதனால் அந்தப் பேர் என்றே நினைத்திருந்தாள். அவள் பிள்ளைகளுக்கும் அப்படித்தான் சொல்லியிருந்தாள்.

கிழவிக்குப் புரியவில்லை. "என்ன தண்ணி?"

"நீங்க போன மறுவாரமே வரப்புல டிரம் கொண்டாந்து வச்சுட்டாங்க பெரியம்மா" என்றார் டீச்சர். "இன்னொருத்தி இப்படி உக்காந்துரக் கூடாதுன்னு முதலாளி பயந்துட்டாராம். வாட்ச்மேன்தான் எங்கம்மாகிட்ட சொல்லியிருக்கான். அப்ப வேலை பாத்தவங்க அதுக்கு உங்க பேரை வச்சுட்டாங்க. இப்பவும் லாரியில வருது. நான் அதைக் குடிச்சுத்தான் வளந்தேன்."

ஒரு ஆள் வந்து நெத்திலிக் கூறைக் காட்டி விலை கேட்டான். சண்முகக்கனியின் காதில் விழவில்லை. அவன் ரெண்டு தடவை கேட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போனான்.

வெகுநேரம் கழித்து அவள் உலகம்மாளைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள்.

"உப்புக் கரிக்காம இருந்துச்சா?"

"கரிக்காது பெரியம்மா" என்றாள் உலகம்மாள். "நல்ல தண்ணி."

கிழவி தலையாட்டினாள். நெத்திலியை அள்ளித் தாளில் வைத்து மடித்தாள். மடித்தது சரியாக வராமல் பிரித்து மறுபடியும் மடித்தாள்.

"இதை அப்பவே ஒருத்தி வந்து சொல்லியிருக்கலாம்" என்றாள். குரலில் குறை இல்லை. "வேலை போனதெல்லாம் பெருசாத் தெரியல எனக்கு. அன்னைக்கு விளக்குப் பொருத்தி வச்சுட்டு வாசல்லயே உக்காந்திருந்தேன். ஒருத்தியாவது எட்டிப் பாப்பான்னு. அவளுக வந்து என்ன செஞ்சிரப் போறாளுக? ஒண்ணும் செய்ய வேண்டாம். சும்மா வந்திருக்கலாம்."

பொட்டலத்தை உலகம்மாள் கையில் கொடுத்தாள். டீச்சர் நீட்டிய பணத்தை வாங்க மறுத்துவிட்டாள்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலுக்கு வெளியே வாழைத்தோட்டங்கள் முடிந்து உடைமரங்கள் தொடங்கின. தூரத்தில் உப்பு அம்பாரங்கள் வெள்ளையாகத் தெரிந்தன. வெயில் இன்னும் இறங்கவில்லை.

"டீச்சர், நாம கேட்ட மறைப்பும் நிழலும் வருமா?"

"தெரியாது மதினி."

"இந்தப் பெரியம்மாவுக்கு நடந்த மாதிரி, நாளைக்கு ஏதாவது…"

"நடக்கலாம். நடக்காமலும் போகலாம். இத்தனை வருஷத்துல இப்படி உக்காந்தவங்க இவங்க ஒருத்தர் மட்டும்தான்னு எனக்குத் தோணல. மத்தவங்களுக்கு என்ன கிடைச்சுதுன்னு யாருக்குத் தெரியும்?"

உலகம்மாள் எதிர்பார்த்த ஆறுதல் அது இல்லை. ஆனால் அது பொய் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

பேச்சித்தாயின் ஊர் விலக்கு வந்தது. கண்டக்டர் ஊர்ப்பேரைக் கூவினார். உலகம்மாள் இறங்க வேண்டிய இடத்துக்கு இன்னும் ரெண்டு நிறுத்தம் இருந்தது. அவள் எழுந்துவிட்டாள். கருவாட்டுப் பொட்டலத்தை டீச்சர் மடியில் வைத்தாள். கம்பியைப் பிடித்தபடி அசையாமல் நின்றாள்.

"டீச்சர், அவ வாசல்ல போய் நின்னு நான் என்னன்னு சொல்ல?"

"ஒண்ணும் சொல்ல வேண்டாம் மதினி" என்றார் புஷ்பம் டீச்சர். "தாகமா இருக்கு, குடிக்கத் தண்ணி குடுன்னு கேளுங்க."