திட்டிவாசலில் நின்ற நலச்சபை

வெகு காலத்துக்கு முன்னால் புன்னைவாயில் நாட்டை விசயகோபன் என்றொரு ராஜா ஆண்டு வந்தார். காலையில் ஒன்று சொல்வார், மாலையில் வேறொன்று சொல்வார். அதனால் அந்த நாட்டு மக்கள் அவரிடம் ஓர் உத்தரவு வாங்கினால் மதியச் சாப்பாட்டுக்குள் காரியத்தை முடித்துவிடப் பார்ப்பார்கள்.

அந்த வருஷம் ஆற்றில் வெள்ளம் வந்து பல்லக்குத் தூக்கிகளின் குடிசைகளை அடித்துக்கொண்டு போய்விட்டது. கோட்டை வாசலுக்கு எதிரே இருந்த சந்தைக் கொட்டகையில் அவர்கள் குழந்தை குட்டிகளோடு ஒண்டியிருந்தார்கள். மழைக்காலம் முழுதும் அந்தக் கொட்டகை தாங்காது. அவர்களில் பொம்மி என்பவள் கைக்குழந்தையோடு ராஜாவின் முன் வந்து நின்றாள்.

"மகாராஜா, உங்க அதிகாரிங்களை எல்லாம் எங்க வீட்டு ஆம்பளைங்க தோளில தூக்கிட்டுப் போறாங்க. எங்களை இறக்கி வைக்கத்தான் ஒரு இடமில்லை."

காலை நேரம். ராஜா உருகிப்போனார். "ராசவீதிக் கோடியில் புல் முளைத்துக் கிடக்கும், அரண்மனைக்குச் சொந்தமான மனையில் இவர்களுக்கு வீடு கட்டிக் கொடுங்கள்!"

ராசவீதி பெரிய அதிகாரிகள் குடியிருந்த தெரு. அதற்கென்று ஒரு நலச்சபை உண்டு. தலைவர், கருவூல அதிகாரி சிங்கராயர். மந்திரி காரியாருக்கு அரசவையில் கிடைக்கும் மரியாதையைப் பார்த்தே இவருக்குச் சாப்பாடு செரிப்பதில்லை. சேதி கேட்டதும் சபையைக் கூட்டினார்.

முதலில் பாதுகாப்பு. "போன மாசம் என் வீட்டு வெள்ளிச் சொம்பு திருட்டுப் போனது!" என்றார் சோதிடர். எடுத்தது அவர் மைத்துனர் என்று தெருவுக்கே தெரியும். ஆனாலும் எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள்.

அடுத்து அபிவிருத்தி. தெரு நடுவில் உள்ள பள்ளத்தை மூடுவதா, முகப்பில் தோரண வாயில் கட்டுவதா என்று பல வருஷம் பேசி, தோரண வாயில் என்று முடிவாகி, அதில் யார் பெயரை முதலில் பொறிப்பது என்பதில் அந்தத் திட்டம் நின்றிருந்தது. பள்ளம் அதுபாட்டுக்கு வளர்ந்துகொண்டிருந்தது.

கடைசியாகத்தான் வீடுகள்.

"எனக்கு அவர்கள் மேல் ஒரு வருத்தமும் கிடையாது" என்று ஆரம்பித்தார் தளபதி. "தாராளமாக வீடு கட்டட்டும். வேறு எங்காவது கட்டட்டும்."

"பக்கத்தில் கருவாடு வறுத்தால் என் கவிதை என்ன ஆவது?" என்றார் அவைப்புலவர்.

"கருவாடு கிடக்கட்டும். என்னைச் சுமக்கிறவன் எனக்கே அண்டை வீட்டுக்காரனா? நாளைக்கு என் வீட்டு வாசலில் வந்து நின்று உறைமோர் கேட்பான்!" என்றார் சிங்கராயர்.

சபை நடுங்கிப்போனது.

அன்று மாலையே சிங்கராயர் ராஜாவிடம் போனார். மாலை நேரம் அல்லவா? "சரி, வீடு வேண்டாம்" என்றார் ராஜா.

பக்கத்தில் நின்ற காரியார் சொன்னார்: "அரசே, ஒரு வேண்டுகோள். நாளை பொழுது சாய்வதற்குள் நலச்சபையார் எல்லோரும் இந்த மண்டபத்துக்கு வந்து, சேர்ந்து நின்று 'வேண்டாம்' என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லட்டும். சொல்லிவிட்டால் என் மந்திரி மோதிரம் சிங்கராயருக்கு. இல்லாவிட்டால், காலையில் தாங்கள் சொன்னதே முடிவு. பிறகு மாற்றக் கூடாது."

"ஒரு வார்த்தைதானே! மோதிரத்தை இப்போதே கழற்றி வையும் மந்திரியாரே, விரல் வீங்கிவிடப் போகிறது!" என்றார் சிங்கராயர்.

"பந்தயமா? பலே!" என்று ராஜா தொடையைத் தட்டினார். "நீர் தோற்றால் என்ன தருவீர், சிங்கராயரே?"

"எங்கள் தெருப் பள்ளத்தை என் கையாலேயே மூடுகிறேன்!"

அந்த அரண்மனைக் கோட்டைக் கதவு நான்கு யானைகள் சேர்ந்து நுழையும் அகலம். யானைகளுக்காக அப்படிக் கட்டவில்லை. அரசவைக்குள் முதலில் காலெடுத்து வைப்பவருக்கே முதல் தாம்பூலம் என்பது அந்நாட்டு வழக்கம். அதற்காக அதிகாரிகள் முட்டிக்கொள்வதைப் பார்த்துச் சலித்துப்போன ராஜாவின் தாத்தா, எல்லோரும் தோளோடு தோளாக ஒன்றாய் நுழைந்து தொலையட்டும் என்று கட்டிய கதவு அது.

மறுநாள் அந்தக் கதவு சாத்தியிருந்தது.

"கீலுக்கு எண்ணெய் போடுறோம் சாமி, மந்திரியார் உத்தரவு" என்றான் காவலன். பெரிய கதவுக்குள் இருந்த சின்னக் கதவைக் காட்டினான். "திட்டிவாசல் திறந்துதான் இருக்கு. ஒவ்வொருத்தரா குனிஞ்சு போகலாம்."

சிங்கராயர் குனிந்தார். தளபதி அவருடைய மேல்துண்டைப் பிடித்து இழுத்தார். "ஓய், படைக்கு முன்னால் பெட்டிச் சாவியா?"

"சபைத் தலைவன் நான்!"

"அது தெருவில். இது அரண்மனை."

"வயதில் மூத்தவன் நான்தான்" என்று சோதிடர் புகுந்தார்.

"இரண்டாம் கல்யாணத்துக்குப் பெண் கேட்கப் போனபோது நாற்பது என்றீராமே?" என்றார் புலவர். "கல்விக்கு வழிவிடும்!"

சீட்டுக் குலுக்கலாம் என்றார் ஒருவர். நல்ல யோசனைதான். யார் முதலில் சீட்டு எடுப்பது என்பதில் இன்னொரு சண்டை வந்தது. மதியத்துக்கு மேல் மழை பிடித்துக்கொண்டது. எதிர்க் கொட்டகையிலிருந்து பொம்மி குரல் கொடுத்தாள்: "சாமிகளா, நனையறீங்களே! இப்படி வந்து நில்லுங்க, இடம் இருக்கு!"

ஒருவரும் அசையவில்லை. தான் நகர்ந்தால் அடுத்தவர் நுழைந்துவிடுவாரே! பட்டும் சரிகையும் சொட்டச் சொட்ட, ஒருவர் துண்டை ஒருவர் பிடித்தபடி நின்றார்கள்.

மாலை மணி அடித்தது. மேல்மாடத்திலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த ராஜா கேட்டார்: "என்ன காரியாரே, வேண்டாம் என்று சொல்ல ஒருவரும் வரவில்லையே?"

"வந்தார்கள் அரசே. அதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளத்தான் நேரம் சரியாக இருந்தது."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டார். வாழ்நாளில் முதல் தடவையாக, ஒரு காலையில் சொன்னதையே ஒரு மாலையிலும் சொன்னார்: "வீடு கட்டுங்கள்!" மறுநாள் சிங்கராயர் கூடையும் மண்வெட்டியுமாகப் பள்ளத்தில் இறங்கியபோது, ராசவீதியின் எல்லாச் சன்னல்களும் திறந்திருந்தன.

மழைக்காலம் முற்றுவதற்குள் வீடுகள் எழும்பின. பொம்மி வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்கு ராஜாவே வந்தார். சின்ன வீடு, தாழ்ந்த நிலைவாசல். ராஜா கிரீடத்தைக் கையில் எடுத்துக்கொண்டு குனிந்து உள்ளே போனார். ராஜாவே குனிந்த பிறகு குனிவதுதானே கௌரவம்? பின்னால் வந்த நலச்சபை முழுவதும் ஒரே நேரத்தில் குனிந்து, ஒரே நேரத்தில் நுழைந்து, வாசலில் வசமாக மாட்டிக்கொண்டது.

பொம்மி பதறிப்போய் ஓடி வந்தாள்.

"ஒவ்வொருத்தரா வாங்க சாமி, நிலை புதுசு!"