காட்டுக் குளத்தின் கலங்கல்

உட்காருங்கள். இது களைத்துப்போன ஒருவனின் கதை. சொல்கிற எனக்கும் களைப்புதான், அதனால் நடுவில் கேள்வி கேட்காமல் கேளுங்கள்.

ஓர் எல்லையில் நின்று கூப்பிட்டால் மறு எல்லையில் கேட்கும். அவ்வளவு சின்னச் சின்ன நாடுகள் இருந்த காலம் அது. காரைமலை அடிவாரத்தில் அப்படி ஒரு நாடு, அதற்கு ஒரு ராசா. கோடை வந்தால் மலைச் சுனைகள் வற்றிவிடும். மானும் பன்றியும் யானையும் தண்ணீர் தேடி ஊருக்குள் இறங்கும். வருகிற வழியில் தினையை மிதிக்கும், கேழ்வரகை மிதிக்கும், சோளத்தை மிதிக்கும். குடியானவர்கள் அரண்மனை வாசலில் வந்து அழுதார்கள்.

ராசா வலைக்காரர்களை வரவழைத்தார். "காட்டைச் சுற்றி வலை கட்டுங்கள். ஒரு குட்டிகூட மிஞ்சக் கூடாது" என்றார்.

ஏரிக்கரைகளுக்கு மண் போடும் சடையாண்டி அங்கே நின்றிருந்தான். அவனுடைய தினையும்தான் அழிந்திருந்தது. ஆனாலும் மனசு கேட்கவில்லை.

"தாகத்துக்கு வந்ததுகளுக்குச் சாவா சாமி? காட்டுக்குள்ளயே கரை போட்டு ஒரு குளம் கட்டித் தாரேன். அங்க தண்ணி கெடந்தா அதுக ஏன் இங்க வருது?"

"மூன்று மழைக்காலம் தருகிறேன். மூன்றாவது மழைக்குப் பிறகும் ஒரு மிருகம் இறங்கினால் வலைதான்" என்றார் ராசா.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பது இதுதான்.

இரண்டு குன்றுகளுக்கு நடுவே ஓர் ஓடை. அதன் குறுக்கே சடையாண்டியும் அவன் மனைவி சிலம்பாயியும் ஊர்க்காரர் நாற்பது பேரும் கரை போட்டார்கள். ஒரு சாண் களிமண் கொட்டி, நனைத்து, கட்டையால் இடித்து இறுக்கி, அதன்மேல் அடுத்த சாண். கரையின் ஓரத்தில், குன்றின் பாறையை ஒட்டி, மிஞ்சும் தண்ணீர் வழிந்தோடத் தாழ்வாக ஒரு வழி விட்டான் சடையாண்டி. அதற்குக் கலங்கல் என்று பெயர். மண்கரையின் தலைக்கு மேல் தண்ணீர் ஏறினால் கரை கரைந்துவிடும். கலங்கல்தான் கரைக்கு உயிர்.

முதல் மழையில் குளம் நிரம்பியது, கலங்கலில் தண்ணீர் ஓடியது. மாடு மேய்ப்பவர்கள் பார்த்தார்கள். "ஐயோ, இம்புட்டுத் தண்ணியும் வீணாப் போகுதே!" என்று மண்ணை வெட்டிக் கலங்கலை அடைத்துவிட்டார்கள். மறுநாள் மழையில் கரை உடைந்தது. அந்தக் கோடையிலும் மிருகங்கள் இறங்கின.

இரண்டாம் வருடம் மண் சுமக்க இருபது பேர்தான் வந்தார்கள். மழை பெய்து குளம் நிரம்பியது. மணியக்காரர் பார்வையிட வந்தார். ராசாவுக்குத் தளும்பத் தளும்பக் குளத்தைக் காட்ட வேண்டும் என்று அவருக்கு ஆசை. கலங்கலைக் கல் வைத்து அடைக்கச் சொன்னார். சடையாண்டி காலில் விழுந்தான். "எனக்கே பாடமாடா?" என்றார் அவர். கரை மறுபடியும் உடைந்தது. பழி யார் தலையில் விழுந்தது என்று நான் சொல்ல வேண்டுமா?

மூன்றாம் வருடம் ஒருவரும் வரவில்லை. புருஷனும் பெண்டாட்டியும் மட்டும் மண் சுமந்தார்கள். அவன் தோள் வீங்கியது, அவள் உள்ளங்கை வெடித்தது. பேசக்கூடத் தெம்பில்லை. எப்படியோ கரை எழுந்தது.

மழை வந்தது, குளம் நிரம்பியது, கலங்கலில் தண்ணீர் ஓடியது. மழை ஓய்ந்து வானம் வெளுத்தது. சடையாண்டி கரையில் உட்கார்ந்து, தண்ணீர் போவதையே காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் எழுந்துபோய், தன் கையாலேயே மண்ணை அள்ளிக் கலங்கலை அடைத்துவிட்டு வந்து உட்கார்ந்தான்.

கஞ்சிக் கலயத்தோடு வந்த சிலம்பாயி அதைப் பார்த்தாள்.

"மாட்டுக்காரங்க அடைச்சப்ப ஏசினீங்க. மணியக்காரர் அடைச்சப்ப அழுதீங்க. இப்ப நீங்களேவா?"

"கண்ணு முன்னால போகுது புள்ள. கோடைக்குப் பத்தாமப் போச்சுன்னா அத்தனை உசிரும் வலையில போயிரும். இனி ஒரு கூடை மண்ணு சுமக்க எனக்குத் தெம்பு இல்ல."

அவள் கரைக்குக் கீழே கையைக் காட்டினாள்.

கலங்கல் தண்ணீர் ஓடிய பள்ளத்தில் ஒரு பெண்மான் குட்டியோடு நின்றது. புதுக் கரையில் ஆள் வாடை அடிப்பதால் குளத்தை அண்டாமல், வழிந்து வந்த தண்ணீரைத்தான் அவை குடித்துக்கொண்டிருந்தன. இப்போது தண்ணீர் நின்றுபோக, குட்டி ஈரக் கல்லை நக்கிக்கொண்டிருந்தது.

சடையாண்டி எழப் பார்த்தான், கால் வரவில்லை. தவழ்ந்தே போனான். அடைத்த மண்ணை இரண்டு கையாலும் வாரி எறிந்தான். தண்ணீர் பாய்ந்தது.

அன்று பிற்பகலே மலைமேல் வானம் கறுத்து, முன் இரண்டு வருடமும் பெய்யாத அளவுக்கு மழை பெய்தது. கலங்கல் நுரைத்துக்கொண்டு ஓடியது. கரை நின்றது.

கோடையில் வலைக்காரர்கள் காட்டோரம் வந்து காத்திருந்தார்கள். சித்திரை போயிற்று, வைகாசி போயிற்று, ஆனியும் போயிற்று. குளத்தில் முழங்காலளவு தண்ணீர் மிச்சமிருந்தது. கரையில் ஆள் வாடை போய்விட்டதால் மிருகங்கள் குளத்திலேயே இறங்கிக் குடித்தன. ஒன்றுகூட ஊருக்கு வரவில்லை. வலைக்காரர்கள் வலையைச் சுருட்டிக்கொண்டு போனார்கள்.

ராசா சடையாண்டியை அழைத்துவர ஆள் அனுப்பினார். "தூங்குறாரு. மூணு வருசத் தூக்கம். ராசாவே வந்தாலும் எழுப்ப மாட்டேன்" என்று சிலம்பாயி கதவைச் சாத்திவிட்டாள்.

மிஞ்சியதைப் போகவிட மனம் வருகிறவனுக்குத்தான் இருப்பது நிலைக்கும்.