மூன்றாம் மிஷினின் கம்பித் தடுப்பு

ஏரிக்கரை மடத்தில் அன்று இரண்டு பேர்தான் இருந்தார்கள். ஒருவர் சாமியம்மா. வயது நாற்பத்தாறு. மற்றவர் அவருடைய சீடர் தெய்வசிகாமணி. வயது ஐம்பத்தெட்டு. கடலை மில்லில் மிஷின் மேஸ்திரி. பதினோரு வருடமாக வெள்ளிக்கிழமை தவறாமல் மடத்துக்கு வருகிறவர்.

அன்று வெள்ளிக்கிழமை இல்லை. புதன்.

ஐப்பசி மழை காலையிலிருந்து விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. அவர் சைக்கிளை நிறுத்திவிட்டுச் சாக்குப் பை ஒன்றை வாசலில் இறக்கி வைத்தார். உள்ளே வராமல் நேராகக் கைப்பம்புக்குப் போனார். பம்பின் தலையைக் கழற்றினார். வாஷரை எடுத்துத் துடைத்தார். திரும்பப் போட்டு இறுக்கினார். எல்லாம் மழையில் நனைந்துகொண்டே.

சாமியம்மா உள்ளேயிருந்து கேட்டார்.

"பம்புக்கு என்ன மேஸ்திரி?"

"ஒண்ணுமில்லம்மா. சும்மா பார்த்தேன்."

"காலையில நல்லாத்தானே தண்ணி வந்தது?"

"இப்பவும் வரும்."

"வரும். நல்லா இருக்கறதையே ரிப்பேர் பண்ணினா ஏன் வராது? உள்ள வாங்க."

அவர் வந்தார். தலையைத் துவட்டத் துண்டு கொடுத்தார் சாமியம்மா. அவர் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். துவட்டவில்லை.

"பையில என்ன?"

"மல்லாட்டைம்மா. எட்டுப் படி."

வேர்க்கடலையை அந்தப் பக்கம் மல்லாட்டை என்பார்கள்.

"சரி. சொல்லுங்க."

அவர் முன்னும் பின்னுமாகச் சொன்னார். வரிசைப்படுத்தினால் இப்படி வரும்.

மில்லில் கடலை உடைக்கும் மிஷின் மூன்று. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு தொட்டி. தொட்டியில் கொட்டிய கடலை பல் வைத்த உருளையில் இறங்கும். உருளை சுற்றச் சுற்ற உள்ளே போகும். உருளைக்கு மேலே ஒரு கம்பித் தடுப்பு. கடலை நுழையும், கை நுழையாது. ஈரமும் காம்புமாக வரும் கடலை சில நேரம் தடுப்பின் மேல் அடைத்துக்கொள்ளும். அப்போது அங்கே நிற்கும் பெண்கள் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டுவார்கள். கடலை இறங்கிவிடும்.

மழைக்கு முன்னால் லாரிகள் வரிசையாக வந்து நின்றன. தடுப்பு இருந்தால் வேலை மெதுவாகிறது என்று மூன்றாம் மிஷினில் மட்டும் அதைக் கழற்றச் சொன்னார் முதலாளி. தெய்வசிகாமணி கழற்றினார். அந்த மிஷினில் நின்ற இரண்டு பெண்கள் அதன்பிறகு கையால் தட்டவில்லை. கழி ஒன்றை வைத்துக்கொண்டு குத்திவிட்டார்கள். அப்படி இருபத்தொன்பது நாள் ஓடியது.

முப்பதாம் நாள் அந்த இருவரில் ஒருத்தி வேலைக்கு வரவில்லை. சூப்பர்வைசர் சம்பந்தம் முதல் மிஷினிலிருந்து நவநீதம் என்பவளைக் கூப்பிட்டு மூன்றாம் மிஷினில் நிறுத்தினார். தொட்டி நிறையக் கடலை. அடியில் தடுப்பு இருக்கிறதா இல்லையா என்று மேலேயிருந்து தெரியாது. கடலை அடைத்தது. நவநீதம் பழக்கப்படி உள்ளங்கையால் தட்டினாள். முதல் தட்டிலேயே கடலையோடு கையும் இறங்கியது.

"எத்தனை?" என்று கேட்டார் சாமியம்மா.

"மூணு விரலும்மா. வலது கை."

"கூட நின்ன பொண்ணு சொல்லலையா?"

"அவளுக்குத் தெரியும்னு நெனச்சேன், தெரியும்னு நெனச்சேன்னு அழுவுறா."

மழை மறுபடி பிடித்தது. ஓட்டிலிருந்து இரண்டு இடத்தில் சொட்டியது. சாமியம்மா எழுந்து போய் இரண்டு பாத்திரம் வைத்துவிட்டு வந்தார்.

"அப்புறம்?"

"அன்னிக்குச் சாயந்தரமே முதலாளி புதுத் தடுப்பு மாட்டச் சொல்லிட்டாரு. நவநீதமே கழட்டிட்டுக் கைய விட்டான்னு பேப்பர் ரெடி பண்ணியிருக்காங்க. நாளைக்குப் பத்து மணிக்கு கவர்மெண்ட் ஆபீசர் விசாரிக்க வர்றாரு. சம்பந்தம் கையெழுத்துப் போட்டாச்சு. ரெண்டு பொண்ணுங்களும் போட்டாச்சு."

"நீங்க?"

"காலையில போடறேன்னு சொல்லியிருக்கேன்."

"அவளைப் பார்த்தீங்களா?"

"நேத்து ஆஸ்பத்திரிக்குப் போனேன்." அவர் துண்டை மடித்தார். பிரித்தார். திரும்ப மடித்தார். "'அண்ணே, எல்லாரும் நான்தான் கழட்டினேன்னு சொல்றாங்க. எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல. நான்தான் கழட்டினேனா?' அப்படின்னு கேட்டா."

"என்ன சொன்னீங்க?"

"ஆரஞ்சுப் பழத்தைப் பக்கத்துல வெச்சிட்டு வந்துட்டேன்."

"எத்தனை பழம்?"

"ஆறு."



தெய்வசிகாமணி துண்டைக் கீழே வைத்தார். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததைக் கேட்டார்.

"முதலாளி சொன்னாரு. நான் கழட்டினேன். சம்பந்தம் இடம் மாத்தினான். பொண்ணுங்க தெரிஞ்சும் சொல்லல. நாலும் சேர்ந்துதான் இது நடந்தது. ஒரு தப்பை நாலு தரப்பு சேர்ந்து செஞ்சா, என் பங்கு கால்தானேம்மா?"

"மூணு விரல்னு சொன்னீங்க."

"ஆமா."

"நாலாப் பங்கு போடுங்க. உங்களுக்கு எவ்வளவு வருது?"

அவர் உதடு அசைந்தது. பாதியில் நின்றது.

"தடுப்புக்கு எத்தனை போல்ட்டு?" என்று கேட்டார் சாமியம்மா.

"நாலு."

"பழைய போல்ட்டு எங்க?"

அவர் சட்டைப் பைக்குள் கைவிட்டு எடுத்துத் தரையில் வைத்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நான்கிலும் துரு இருந்தது.

"பழைய இரும்போட போட்டுடச் சொன்னாங்க. போட மனசு வரல."

"இதைக் கையால கழட்ட முடியுமா?"

"முடியாதும்மா. பதினேழாம் நம்பர் ஸ்பேனர் வேணும்."

"மில்லுல எத்தனை இருக்கு?"

"ஒண்ணு."

"நவநீதம்கிட்டயா?"



"எங்கிட்ட."

"ஆபீசருக்கு இது தெரியுமா?"

"ஸ்பேனர் யாருகிட்ட இருக்குன்னு அவரு எதுக்குக் கேக்கப் போறாரு?"

"கேக்க மாட்டாரு" என்றார் சாமியம்மா.

தெய்வசிகாமணியின் குரல் உயர்ந்தது. பதினோரு வருடத்தில் மடத்தில் அவர் குரல் உயர்ந்தது அதுதான் முதல் தடவை.

"நாங்க இருக்கறது மில்லு வீடும்மா. மருமவனுக்கும் அங்கதான் வேலை. நான் ஒரு வார்த்தை சொன்னா மிஷினுக்குச் சீல் வெப்பாங்க. முப்பத்தாறு பொண்ணுங்க அங்க வேலை செய்யுறாங்க. நவநீதத்தோட அக்காவும் அதுல ஒருத்தி. சொன்னா விரல் திரும்ப முளைக்குமா?"

"முளைக்காது."

"அப்புறம் எதுக்கு?"

சாமியம்மா எழுந்தார். அரிசியை டின்னில் கொட்ட வைத்திருந்த தகரப் புனலை ஆணியிலிருந்து எடுத்தார். வாய் ஒரு முழம். கழுத்து மூன்று விரல் அகலம். அதை டின்னுக்கு ஒரு சாண் மேலே இடது கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டார். வலது கையால் சாக்குப் பையிலிருந்து கடலையை அள்ளி அள்ளிப் போட்டார்.

டின்னுக்குள் சடசடவென்று விழுந்தது. பிறகு நின்றுவிட்டது. புனல் நிறையக் கடலை இருந்தது. டின்னில் விழுந்தது இருபத்து மூன்று.

"ஏன் நின்னுடுச்சு?"

இது மேஸ்திரியின் தொழில். முகம் கொஞ்சம் தெளிந்தது.

"வளைவு கட்டிக்கிச்சும்மா. கழுத்துக்கு மேல ஒண்ணோட ஒண்ணு சாஞ்சு, பாலம் மாதிரி நின்னுக்கும். மேல ஒரு மூட்டை கொட்டினாலும் தாங்கும். இறுக்கம்தான் ஜாஸ்தியாவும். கீழ காலியாத்தான் இருக்கும்."

"எது தாங்குது? பெரிய மல்லாட்டையா?"

"பெருசு சிறுசுன்னு இல்ல. அது பக்கத்துல இருக்கறதைத் தாங்குது. பக்கத்துல இருக்கறது இதைத் தாங்குது. தனியா எதுவும் தாங்கல."

"கால் பங்குன்னு சொல்லலாமா?"

"அப்படிச் சொல்ல முடியாது. ஒவ்வொண்ணும் முழுசாத் தாங்குது. ஒண்ணு நகர்ந்தா எல்லாம் விழுந்துடும்."

சொன்ன பிறகு அவர் தரையைப் பார்த்தார். நான்கு போல்ட்டும் அங்கேயே இருந்தன.

"எதை நகர்த்தணும்?"

"எதை வேணாலும்."

"எதுன்னு எப்படித் தேர்ந்தெடுப்பீங்க?"

"கீழேயிருந்து விரலுக்கு எது எட்டுதோ அதை."

புனல் கனத்தது. சாமியம்மா கீழே வைக்கவில்லை. வலது கையையும் கொடுத்துப் பிடித்துக்கொண்டார். ஒரு கடலையும் விழவில்லை.

ஒழுகலுக்கு வைத்த பாத்திரங்களில் ஒன்று நிரம்பி வழிந்தது. இருவரும் அந்தப் பக்கம் போகவில்லை.

"முதலாளிய விட்டுட்டு என்னை ஏம்மா?" என்று கேட்டார் தெய்வசிகாமணி. இப்போது குரல் மிகவும் தணிந்திருந்தது.

"முதலாளி எனக்கு எட்டல. சம்பந்தமும் எட்டல. நீங்க எட்டறீங்க."

அவர் தன் வலது கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தார். ஐந்து விரலையும் மடக்கினார். நீட்டினார்.

"ஆபீசர் முன்னால, தடுப்பு இல்லாத தொட்டியில கைய விடச் சொல்றீங்க."

"ஆமா."

"வீடும் வேலையும் போனா போனதுதான்."

"ஆமா மேஸ்திரி. தடுப்பு இல்லன்னு நவநீதத்துக்கு யாரும் சொல்லல. உங்களுக்கு நான் சொல்லிட்டேன்."