செவிப்படைக்காரன் வேலை கேட்ட கதை

சண்டை முடிந்துபோயிற்று. அதுதான் தொல்லை.

கருவேலங்கோட்டை ராஜா கோதண்டதேவர் பக்கத்து நாட்டோடு சம்பந்தம் செய்துகொண்டார். பெண் கொடுத்த இடத்தில் படையெடுக்க முடியுமா? படையைக் கலைத்துவிட்டார். வேல்காரர்கள் களத்துமேட்டுக் காவலுக்குப் போனார்கள். யானைப்பாகர்களைக் கோயில்கள் கூப்பிட்டுக்கொண்டன. செவிப்படைக்காரர்களை மட்டும் ஒருவரும் சீண்டவில்லை.

செவிப்படை என்றால், எதிரியின் காதில் பொய்யைப் போடும் படை. எதிரியின் வாயிலிருந்து உண்மையைப் பிடுங்கும் படை. அதற்கென்றே வருஷக்கணக்கில் பயிற்சி. கூடவே ஒரு சத்தியம். படையில் என்ன செய்தோம் என்று வெளியே மூச்சு விடக் கூடாது. விட்டால் தலை இருக்காது.

அந்தப் படையில் கெட்டிக்காரன் மாடக்கண்ணு. ஜவுளிக்கடையில் போய் வேலை கேட்டான்.

“முன்னே என்னப்பா வேலை பார்த்தே?”

“சொல்லக் கூடாதுங்க.”

“அப்படியா? எனக்கும் சொல்ல ஒண்ணுமில்லே. போய்ட்டு வா.”

போன இடமெல்லாம் இதே கதை. மாமனார் வீட்டில் சாப்பாடு ஓடிக்கொண்டிருந்தது. மாமியார் இரண்டாம் தடவை குழம்பு ஊற்றுவதை நிறுத்தினாள். இனிமேல் தாங்காது என்று மாடக்கண்ணு கூட்டாளிகளைத் திரட்டிக்கொண்டு அரண்மனைக்கு நடந்தான். அவர்களை வாசலில் நிறுத்திவிட்டுச் சபைக்குள் போனான்.

அப்போது நாட்டில் புதுசாக வந்திருந்தது புகைமேடை. துறைமுகத்திலிருந்து கோட்டை வரை குன்றுக்குக் குன்று ஒரு மேடை. கப்பல் வந்ததா, பருத்தி என்ன விலை, ஆற்றில் வெள்ளமா, எல்லாம் புகையிலேயே வந்து சேரும். மேடைக்காரனிடம் அன்றைய ரகசிய வார்த்தையைச் சொன்னால்தான் புகை போடுவான். கண்டவனும் பொய்ப் புகை விடக் கூடாதல்லவா? இத்தனையும் அதிகாரி சோமநாதத்தின் ஏற்பாடு. வேலை தெரிந்த மனுஷன்தான். ஆனால் தன் மேடையைப் பற்றி யாராவது குறைத்துப் பேசிவிட்டால் பாலாய்ப் பொங்கிவிடுவார்.

“மகாராஜா, மேடைக் காவலுக்கு ஆள் தேடுவதாகக் கேள்வி. என்னையும் என் கூட்டாளிகளையும் வைத்துக்கொள்ள வேண்டும்” என்றான் மாடக்கண்ணு.

சோமநாதம் குறுக்கே விழுந்தார். “புகைமேடையில் பத்து வருஷம் பழகின ஆள் வேண்டும்.”

“மேடை இன்னும் ஒரு மழையில்கூட நனையவில்லையே, ஐயா?”

சபை சிரித்தது. அதிகாரிக்கு மூக்கு சிவந்தது.

“சரி. படையில் என்ன கிழித்தாய்? அதைச் சொல். தேறுவாயா என்று பார்க்கிறேன்.”

இதுதான் பொறி. சொன்னால் தலை போகும். சொல்லாவிட்டால் வேலை போகும். ராஜாவுக்குப் புரிந்தது. ஆனால் அவருக்கு வேடிக்கை பிடிக்கும்.

“மாடக்கண்ணு, படையில் செய்ததை நீ சொல்லவும் கூடாது. உனக்கு வேலை தெரியும் என்று காட்டவும் வேண்டும். மத்தியான முரசு அடிக்கும்வரை பொழுது தருகிறேன். முடியவில்லையா, வாசலில் நிற்கிறார்களே, அவர்களையும் கூட்டிக்கொண்டு நடையைக் கட்டு.”

மாடக்கண்ணு கொஞ்சம் யோசித்தான். பிறகு கும்பிட்டான்.

“நான் கிளம்புகிறேன், மகாராஜா. நல்ல வேளை, இந்த வேலை எனக்குக் கிடைக்கவில்லை.”

“ஏனப்பா?”

“மேடை நன்றாய்த்தான் இருக்கிறது. ஆனால் ரகசிய வார்த்தையை மாற்ற அதிகாரிக்குச் சோம்பலாம். மாசம் முழுக்க ‘புடலங்காய்’ என்றே ஓட்டுகிறாராம். மாட்டுக்காரன்கூடப் பாட்டாய்ப் படிக்கிறான்.”

“எவன்டா சொன்னவன்?” சோமநாதம் ஆசனத்தை விட்டு எழுந்துவிட்டார். “சோம்பலா? எனக்கா? தினம் விடியும்போது மாற்றுகிறேன்! புடலங்காய் போன வாரமே போச்சு! நேற்று கொத்தவரங்காய், இன்றைக்குச் சுண்டை...”

நிறுத்தினார். நின்றபடியே நின்றார்.

பருத்தி வியாபாரி ஒருவர் மெதுவாகச் செருப்பைத் தேடிக்கொண்டு வாசல் பக்கம் நகர்ந்தார்.

“அவரைப் பிடித்து உட்கார வை!” என்றார் ராஜா. அப்புறம்தான் சிரித்தார். கிரீடம் கழன்று மடியில் விழுந்தது.

“படையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, மகாராஜா” என்றான் மாடக்கண்ணு. “பேசினதெல்லாம் அதிகாரி ஐயாதான்.”

“வேலை உனக்குத்தான். சோமநாதம், புகை போடுவது உம்முடைய பாடு. வார்த்தை இனி இவன் பாடு. உம்மிடம்கூடச் சொல்ல மாட்டான்.”

ராஜாவுக்கு ஆசை விடவில்லை. பொய்யைப் போட்டு உண்மையைப் பிடுங்கும் அந்த வித்தையைத் தானும் செய்து பார்த்தார். “ஆமாம், உப்பு வியாபாரி வேஷத்தில் எதிரி லாயத்துக்குள் நுழைந்தது நீதானே?”

“ஆமாம், மகாராஜா.”

“அடே! அது நான் இப்போது கட்டிவிட்ட கதையடா!”

“மகாராஜா சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.”

ராஜா கையை விரித்தார். “போகட்டும். உன் ஆட்கள் எல்லாருக்கும் வேலை தருகிறேன். எத்தனை பேர்?”

மாடக்கண்ணு வாயைத் திறக்கவில்லை. படையின் கணக்கும் சத்தியத்துக்குள் அடக்கம்.

“சொல்ல மாட்டாயா? சொல்லாதே. எல்லாருக்கும் இன்றைக்கு அரண்மனையில் விருந்து. இலையை எண்ணிக்கொள்கிறேன்.” ராஜா மீசையை முறுக்கினார்.

முரசு அடித்தது. பந்தி போட்டார்கள். முடிந்ததும் ராஜா ஆவலாய் எட்டிப் பார்த்தார்.

செவிப்படைக்காரர்களில் சிலர் இரண்டு பேராய் ஒரே இலையில் சாப்பிட்டிருந்தார்கள். சிலர் ஆளுக்கு மூன்று இலை போட்டுச் சாப்பிட்டிருந்தார்கள்.