என்ன பண்ணுது?

"அக்கா, நான் எங்கே போகணும்?"

அரசு மருத்துவமனையின் புறநோயாளிச் சீட்டு கவுன்டரில் ஒரு நாளைக்கு ஐந்நூறு பேர் கேட்கிற கேள்வி இது. இதைக் கேட்டவன் நோயாளி இல்லை, அவ்வளவுதான்.

பெயர் இசக்கிராஜா. வயது இருபது. டாக்டராக வேண்டும் என்று நீட் தேர்வை இரண்டு முறை எழுதி, இரண்டு முறையும் கோட்டைவிட்டவன்.

கவுன்டருக்குள் இருந்தவள் ஜெசிந்தா. இந்தக் கதையில் குரு அவள்தான். தாடி கிடையாது, ஆசிரமம் கிடையாது, வயதும் முப்பத்தைந்தைத் தாண்டவில்லை. ஒரு மரமேசை, ஒரு கட்டுச் சீட்டு, நூலில் கட்டிய பேனா, அவ்வளவுதான் மடம்.

யார் எந்த அறைக்குப் போக வேண்டும் என்று அவள் எழுதிக் கொடுத்தால் அது தப்பாது என்று அந்த ஊர் உப்பளத்து ஜனங்கள் நம்பினார்கள். டாக்டர்களும் நம்பினார்கள், ஆனால் வெளியே சொல்ல மாட்டார்கள்.

"என்ன பண்ணுது?" என்றாள், நிமிராமலே.

"ஒண்ணும் பண்ணலக்கா. ஜார்ஜியாவுக்கு டாக்டருக்குப் படிக்கப் போறேன். உடம்பு நல்லாயிருக்குன்னு சர்டிபிகேட் வேணும்."

"கையெழுத்துப் போடற டாக்டர் பன்னெண்டு மணிக்குத்தான் வருவாரு."

"பன்னெண்டா? சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள பாஸ்போர்ட்டும் சர்டிபிகேட்டும் ஏஜென்ட் கைக்குப் போகணும். இல்லேன்னா சீட் போயிடும்!"

அப்போது மணி எட்டு.

வாசலுக்குப் போனான். திரும்பி வந்தான். மறுபடியும் போனான். சட்டைப் பையில் பாஸ்போர்ட் இருக்கிறதா என்று ஆறு தடவை தொட்டுப் பார்த்தான்.

"குட்டி போட்ட பூனை மாதிரி அலையாத தம்பி," என்றாள் ஜெசிந்தா. "என்கூட எழுதற ஆளு இன்னைக்கு லீவு. உள்ள வந்து உக்காரு. கையெழுத்து புரியற மாதிரி இருக்குமா?"

உட்கார்ந்தான். உட்கார்ந்ததும் அவன் வலது கால் ஆட ஆரம்பித்தது.

"காலை ஆட்டாத. மேசை ஆடுது. எனக்கு எழுத்து கோணுது."

நிறுத்தினான். இரண்டு நிமிஷத்தில் கால் தானாக மறுபடியும் ஆடியது.

அவள் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது ஒன்றே ஒன்று. "எல்லாரும் எங்க போகணும்னுதான் கேப்பாங்க. உடனே சொல்லிடாத. என்ன பண்ணுதுன்னு கேளு. அப்புறம் ரூம் நம்பர் எழுது."

"சரிக்கா."

நாலு சீட்டு எழுதியதும் அவனுக்குப் பொறுக்கவில்லை.

"அக்கா, ஊரே உங்ககிட்ட எங்க போகணும்னு கேக்குது. நானும் கேக்கேன். ஜார்ஜியாவா, பிலிப்பைன்ஸா, இல்ல மூணாவது தடவை நீட்டா?"

"என்ன பண்ணுது?"

"ஒண்ணும் பண்ணலன்னு சொன்னேனே!"

"அப்ப அடுத்த ஆள கூப்பிடு."

கூப்பிட்டான். எழுதினான். மறுபடியும் ஆரம்பித்தான்.

"வெளிநாட்டுல படிச்சா அங்கயே வேலை பாக்கலாமாம். ஜெர்மனியில ஆளு இல்லாம தேடுறாங்களாம். எங்க போனா நல்லது?"

"என்ன பண்ணுது?"

இவளுக்கு வேறு பேச்சே தெரியாதா என்று அவனுக்கு எரிச்சல் வந்தது. போயும் போயும் இவளிடம் கேட்டோமே என்று நினைத்துக்கொண்டான்.

பத்து மணிக்கு மேல் வரிசை வாசலைத் தாண்டியது. ஏஜென்ட் மூன்று முறை போன் செய்துவிட்டார். இசக்கிராஜாவுக்கு ஒரு குறுக்குவழி தோன்றியது. வருகிறவர்களில் பாதிப் பேருக்கு எந்த டாக்டர் வேண்டும் என்று அவர்களுக்கே தெரிந்திருந்தது. பல் டாக்டர் என்றால் ஆறு. கண் என்றால் ஒன்பது. எலும்பு என்றால் பதினாலு. கேள்வியே தேவையில்லை. மளமளவென்று சீட்டு பறந்தது.

ஜெசிந்தா புதுச் சீட்டுக் கட்டு எடுக்க உள்ளே போயிருந்தாள். திரும்பி வந்தபோது வரிசை பாதியாகியிருந்தது.

"பாத்தீங்களாக்கா!" என்றான் பெருமையாக.

அவள் வரிசையைப் பார்க்கவில்லை. அவன் எழுதிய பதிவேட்டில் விரல் வைத்துக் கீழே இறங்கினாள். ஒரு வரியில் விரல் நின்றது.

"சுடலைமணி, அம்பத்தெட்டு, பதினாலாம் ரூம். இவருக்கு என்ன பண்ணுச்சாம்?"

"எலும்பு டாக்டர் எந்த ரூம்னு கேட்டாரு. உப்பு சுமக்கறவரு. தோள்ல வலியா இருக்கும்."

"இருக்குமா, இருந்துச்சா?"

"தோளைப் பிடிச்சிட்டு இருந்தாரு."

"எந்தத் தோளு?"

யோசித்தான். "எடது."

"வேர்த்திருந்துச்சா?"

சட்டை நனைந்திருந்தது. வெயிலில் வந்திருப்பார் என்று நினைத்திருந்தான். ஆமாம் என்று தலையாட்டினான்.

"வண்டிய எடுத்துட்டு ஓடு," என்றாள்.

முன்சக்கரம் ஒரு பக்கம் இழுக்கிற சக்கர நாற்காலி அது. தள்ளிக்கொண்டு ஓடினான். பதினாலாம் அறை வாசலில் முப்பது பேருக்குப் பின்னால், பெஞ்சின் ஓரத்தில் சுடலைமணி சுவரில் சாய்ந்திருந்தார். முகம் சாம்பல் பூத்திருந்தது.

அவரைத் தூக்கி உட்கார வைத்தான். நாற்காலியை அவசரப் பிரிவுப் பக்கம் திருப்பியபடியே கேட்டான்.

"அய்யா, என்ன பண்ணுது?"

"நெஞ்சுல யாரோ ஏறி உக்காந்த மாதிரி இருக்கு தம்பி. காலையிலேருந்து."

"அங்க கவுன்டர்ல சொல்லியிருக்கலாமேய்யா!"

"நீங்க கேக்கலியே," என்றார் அவர். குறையாகச் சொல்லவில்லை. கேட்காததால் சொல்லவில்லை, அவ்வளவுதான் அவருக்கு.

கொஞ்ச தூரம் போனதும் அவர் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "நீங்க டாக்டருங்களா?"

"இல்லய்யா."

"சரி, விட்டுட்டுப் போயிராதீங்க."

போகவில்லை. நெஞ்சில் ஒயர் ஒட்டினார்கள், ஊசி போட்டார்கள், வாய்க்குள் மாத்திரை வைத்தார்கள். பணியில் இருந்த டாக்டர் ஈ.சி.ஜி. காகிதத்தைப் பார்த்துவிட்டு, "இன்னும் அரை மணி நேரம் விட்டிருந்தா கஷ்டம்," என்றார். சுடலைமணியின் மனைவி வந்து அவர் தலைமாட்டில் நின்ற பிறகுதான் அந்தக் கை அவன் மணிக்கட்டை விட்டது.

இசக்கிராஜா கவுன்டருக்குத் திரும்பி வந்தான். நாற்காலியில் உட்காரத் தயங்கி நின்றான்.

"எப்படி இருக்காரு?" என்றாள் ஜெசிந்தா.

"பொழைச்சிட்டாரு."

"உக்காரு."

"அக்கா, நான் ஒரு மனுசனக் கொல்லப் பாத்தேன்."

அவள் ஆறுதல் சொல்லவில்லை. ஒரு வெற்றுச் சீட்டை எடுத்தாள். மேலே இசக்கிராஜா, வயது இருபது என்று எழுதினாள். பேனாவைச் சீட்டிலேயே வைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள்.

"நீயும் காலையிலேருந்து ரூம் நம்பர்தான் கேக்க. இப்பவாவது சொல்லு. என்ன பண்ணுது?"

இந்தத் தடவை ஒன்றும் பண்ணவில்லை என்று அவனால் சொல்ல முடியவில்லை.

"எதிர்ல வாறவன் எல்லாம் எத்தன மார்க்குன்னு கேக்கான் அக்கா. மாமா கேக்காரு. பலசரக்குக் கடைக்காரர் கேக்காரு. நேத்து பஸ் கண்டக்டர் கேட்டாரு. வெளிய தலை காட்ட முடியல. யாரும் மார்க்கு கேக்காத ஊருக்குப் போயிடணும். எந்த ஊரா இருந்தாலும் சரி."

அழுதுவிட்டான். வரிசையில் நின்றவர்கள் பார்த்தார்கள். ஆஸ்பத்திரியில் அழுகிறவனை யாரும் ரொம்ப நேரம் பார்ப்பதில்லை.

அவன் மூக்கைத் துடைத்து முடிக்கும்வரை ஜெசிந்தா காத்திருந்தாள்.

"காலையிலேருந்து எத்தன சீட்டு எழுதின?"

"எரநூறு இருக்கும்."

"அதுல எத்தன பேரு உன்ன மார்க்கு கேட்டாங்க?"

இசக்கிராஜா பதிவேட்டைப் பார்த்தான். ஒருத்தரும் கேட்கவில்லை.

மேசை மேல் போன் அதிர்ந்தது. ஏஜென்ட். எடுத்தான்.

"என்ன தம்பி, எத்தன தடவை அடிக்கறது? சர்டிபிகேட் வாங்கியாச்சா?"

"அண்ணே, ஒண்ணு கேக்கணும்."

"ஹாஸ்டல்ல சோறு, சாம்பார் எல்லாம் உண்டுன்னு சொன்னேனே."

"அது இல்லண்ணே. அங்க நோயாளிகிட்ட எந்த பாஷையில கேப்பாங்க?"

"என்னத்த?"

"என்ன பண்ணுதுன்னு."

"கிளாஸ் எல்லாம் இங்கிலீஷ்தான் தம்பி."

"கிளாஸ் சரி. நோயாளி?"

"இருபது வருசமா ஆள் அனுப்பறேன், இதை யாரும் கேட்டதில்லப்பா."

"கேட்டுச் சொல்லுங்கண்ணே. அதைக் கத்துக்கிட முடியும்னா வாரேன்."

"அஞ்சு மணிக்குள்ள வரணும் தம்பி! சீட் போயிடும்!"

போனைக் கவிழ்த்து வைத்தான்.

வரிசையின் முன்னால் ஒரு பெண், இடுப்பில் குழந்தையோடு நின்றாள். "கண் டாக்டர் எந்த ரூமுங்க?"

ஒன்பது என்று அவனுக்குத் தெரியும்.

"என்ன பண்ணுதும்மா?" என்றான் இசக்கிராஜா.

அவள் சொல்ல ஆரம்பித்தாள். குழந்தை பிறந்ததிலிருந்து ஆரம்பித்தாள், அது நீளமாகப் போனது. பக்கத்தில் ஜெசிந்தா அடுத்த சீட்டை எழுதிக்கொண்டிருந்தாள். பாதியில் நிறுத்திவிட்டு, குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தாள்.

கால் ஆடவில்லை.