முள்ளும் மீனும் போட்ட காப்பு

ஒரு ஊர்ல ஒரு உப்பு விக்கிறவ இருந்தா, இத்தோன்னு பேரு. ஊரு எங்கங்கிற? வட ஆப்பிரிக்காவுல. மணலும் மலையும் கடலும் பக்கத்துப் பக்கத்துல இருக்குற சீமை. 'ம்' சொல்லு கண்ணு!

ஒருநாள் சந்தையில உஸ்ஸ்ஸுன்னு மணல்காத்து. ஆளுக்கொரு பக்கம் ஓட்டம். காத்து நின்னப்புறம் பாத்தா, இத்தோவோட உப்புக்கூடைக்குள்ள ஒரு சின்னப் பொண்ணு! இன்னும் பேச்சு வராத பிள்ளை. சந்தையும் காலி.

"யாரு பெத்த பிள்ளைடி நீ?"ன்னா இத்தோ. பிள்ளை கையை நீட்டுச்சு. கையில வெள்ளிக் காப்பு. சுத்தி முள்ளு முள்ளா, நடுவுல ஒரு மீனு.

காப்பு எந்த ஊரு வேலைன்னு கேட்டா பெத்தவளைக் கண்டுபிடிச்சுடலாம்னு, பிள்ளையைக் கழுதைமேல ஏத்திக்கிட்டு டக் டக் டக்குன்னு முதல் ஊருக்குப் போனா. அங்க ஒரு தட்டார் பாத்துட்டு, "எங்க காப்புல நீலம், பச்சை, மஞ்சள்னு பூச்சு மினுக்கும். இது எங்களுது இல்ல. முள்ளு வச்சா அது மலைக்காரங்களுது"ன்னார்.

அப்போ மலையேறினா. மூச்சு புஸ்ஸு புஸ்ஸுன்னு வாங்குது, இத்தோவுக்கும் கழுதைக்கும்! மலைப் பொம்பளைங்க, "முள்ளு எங்களுதுதான். ஆனா எங்களுது நறுக்குன்னு குத்தும். இது மொட்டையா இருக்கே! மீனு வேற. பேசாம பிள்ளையை இங்கயே விட்டுடேன், வளத்துக்கறோம்"ன்னாங்க.

இத்தோவுக்கு உடம்பெல்லாம் வலி. விட்டுடலாமான்னுகூடத் தோணுச்சு. பிள்ளை முந்தானையை இறுக்கிப் பிடிச்சுது. "பெத்தவ தேடுவாளேம்மா"ன்னு கீழ இறங்கிட்டா.

'ம்' எங்க? தூங்கிட்டியா?

மூணாவதா கடலோரம். அங்க ஒரு தட்டார் காப்பைப் பாத்ததும் துள்ளிட்டார். "இது நான் அடிச்ச காப்பாச்சே! நம்ம ஃபத்மா மலையிலேர்ந்து இங்க வாக்கப்பட்டு வந்தவ. பொறந்த ஊரு முள்ளும் வேணும், புகுந்த ஊரு மீனும் வேணும்னா. பிள்ளைக்குக் குத்தாம முனையை மழுக்கச் சொன்னா. ஐயோ, சந்தையில தொலைஞ்ச பிள்ளையை அடுத்த கரையில தேடலாம்னு இப்பதான் படகேறப் போனா, ஓடு!"

டக்டக்டக்டக்! படகு கரையை விட்டு நகருது.

"ஃபத்மா! ஏ ஃபத்மா!"

அவ திரும்பிப் பாத்தா. அவ்வளவுதான், தொபுக்கடீர்னு தண்ணியில குதிச்சுட்டா! நனைஞ்ச துணியோட ஓடிவந்து பிள்ளையை அள்ளி, முத்தம் பாதி, திட்டு பாதி. அப்புறம் இத்தோவைக் கட்டிக்கிட்டு அழுதா. இத்தோவும் சொட்டச் சொட்ட நனைஞ்சுட்டா.

அன்னிக்கு ஃபத்மா வீட்டுல சுடச்சுட மீன்குழம்பு. பிள்ளை ரெண்டு பேருக்கும் நடுவுல படுத்துக்கிச்சு. கழுதைகூடக் குறட்டை. கொர்ர்ர்...

கதை கரை சேந்துருச்சு. நீயும் கண்ணை மூடு, சாமி.