மரத்தைவிட்டு இறங்காத வைத்தியர்

தாழை என்ற பெண் மிளா மான் ஒரு நாள் காலை மூங்கில் புதரைத் தாண்டிக் குதித்தாள். வலது பின்னங்காலில் ஏதோ சுருக்கென்று ஏறியது. அன்று மாலைக்குள் அந்தக் காலை ஊன்ற முடியாமல் போயிற்று.

மறுநாள் நொண்டிக்கொண்டே வைத்தியரிடம் போனாள். அந்தக் காட்டுக்கு வைத்தியர் நெடுவாலர் என்ற கருங்குரங்கு. உயரமான நாவல் மரத்தில் உட்கார்ந்துகொண்டுதான் வைத்தியம் பார்ப்பார். கீழே ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். தாழையின் முறை வந்தது.

"ஐயா, நேத்து மூங்கில் புதரைத் தாண்டும்போது..."

"சுளுக்கு" என்றார் நெடுவாலர். வாயில் நாவல் பழம் இருந்தது. ஒரு கொத்து நொச்சி இலை மேலிருந்து விழுந்தது. "இதை அரைச்சுக் கட்டு. அடுத்தது யாரு?"

"நான் இன்னும் சொல்லி முடிக்கலையே ஐயா."

"அடுத்தது யாருன்னு கேட்டேன்."

தாழை அந்த நொச்சி இலையைக் கவ்விக்கொண்டு வந்தாள். சொன்னபடியே கட்டினாள். மூன்று நாள் பொறுத்தாள். கால் பானை போல வீங்கியது. மறுபடியும் நாவல் மரத்தடிக்குப் போனாள்.

"ஐயா, சுளுக்கு மாதிரி தெரியலை. உள்ளே ஏதோ இருக்கு. கால் வைச்சா குத்துது. கொஞ்சம் இறங்கி வந்து பாருங்க."

நெடுவாலரின் முகம் கடுகடுத்தது.

"வைத்தியர் நீயா, நானா? இத்தனை வருஷத்துல என்னை இறங்கச் சொன்னது நீ ஒருத்திதான். உனக்கு வலி கால்ல இல்லை. மனசுல இருக்கு. போய்ப் படு."

வரிசையில் நின்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். பின்னால் நின்ற காட்டுப்பன்றி மட்டும் தாழையின் காதருகே வந்து முணுமுணுத்தது.

"அவரைப் பகைச்சுக்காதே தங்கச்சி. இந்தக் காட்டுக்கு அவர் ஒருத்தர்தான். நாளைக்கு உனக்குக் காய்ச்சல் வந்தா யாரு பார்ப்பா?"

தாழை திரும்பினாள். வீடு வரும் வழியெல்லாம், தனக்கு ஒன்றுமில்லை, வெறும் பயம்தான் என்று நம்பப் பார்த்தாள். கால் ஒத்துக்கொள்ளவில்லை.

அடுத்த நாள் காலையில் செந்நாய்கள் வந்தன. மான் கூட்டம் சிதறி ஓடியது. தாழையால் பத்தடிகூட ஓட முடியவில்லை. தவழாத குறையாகக் குளத்துக்குள் இறங்கினாள். கழுத்து வரைக்கும் தண்ணீரில் நின்றாள். கரையில் ஆறு செந்நாய்கள் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு காத்திருந்தன. வெயில் உச்சிக்கு ஏறிய பிறகுதான் அவை போயின.

அவ்வளவு நேரமும் தாழைக்குப் பயத்தைவிடக் கோபம்தான் அதிகமாக இருந்தது. 'மனசுல வலின்னு சொன்னாரே. இந்த மனசா என்னைக் குளத்துல நிறுத்தி வைச்சிருக்கு?'

கரையேறியதும் அவள் நாவல் மரம் இருந்த திசைக்கே போகவில்லை. ஓடை தாண்டி, பக்கத்து மலைச்சரிவில் வைத்தியம் பார்க்கும் கரடியம்மாவிடம் போனாள். நல்ல கால் உள்ளவர்களுக்கு அது ஒரு நாழிகை நடை. அவளுக்கு அரை நாள் ஆயிற்று.

கரடியம்மா முதலில் காலைத் தொடவில்லை. "எப்போ ஆரம்பிச்சது? எப்படி ஆச்சு?" என்று கேட்டாள். தாழை முழுவதும் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. பிறகு காலைத் தூக்கி மோந்து பார்த்தாள். விரலால் மெல்ல அழுத்தினாள். நகத்தால் கீறினாள். சீழோடு ஊசி போன்ற மூங்கில் சிம்பு ஒன்று வெளியே வந்தது.

கரடியம்மா புண்ணைக் கழுவினாள்.

"உயிருக்குப் பயமில்லை. ஆனா குளம்புல பாதி அழுகிடுச்சு. இனி கொஞ்சம் நொண்டித்தான் நடப்பே. ஆரம்பத்துலேயே யாராவது பார்த்திருந்தா இது ஆகியிருக்காது."

"ஆரம்பத்துலேயே காட்டினேன்" என்றாள் தாழை. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

செய்தி தெரிந்ததும் அவள் தம்பி கொம்பைத் தரையில் தேய்த்துக்கொண்டு நின்றான்.

"அந்த நாவல் மரத்தை முட்டியே சாய்க்கிறேன். அவர் இறங்கத்தானே மாட்டார்? விழட்டும்."

"விழுந்தா என் குளம்பு முளைக்குமா?" என்றாள் தாழை. "நாளைக்கு இன்னொருத்தி நொண்டிக்கிட்டு வருவா. அவளுக்கு யாரு பதில் சொல்றது? இதைக் கேக்க வேண்டிய இடத்துல கேக்கணும்."

நெடுவாலரை வைத்தியராக அமர்த்தியது யானைத் தலைவி. தாழை அவளிடம் போய், என்றைக்குப் போனாள், என்ன சொன்னாள், அவர் என்ன சொன்னார், கரடியம்மா எதை எடுத்தாள் என்று ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள்.

மறுநாள் யானைத் தலைவி எல்லோரையும் குளக்கரைக்குக் கூப்பிட்டாள். தாழையை வயிறு வரை தண்ணீரில் நிற்கச் சொன்னாள். நெடுவாலர் கிளைக்குக் கிளை தாவிக் கரையோர மரத்துக்கு வந்தார்.

"இந்தப் பொண்ணை ரெண்டு தடவை பார்த்தீங்களா?" என்று கேட்டாள் தலைவி.

"நல்லாவே பார்த்தேன். சுளுக்கு."

"எந்தக் கால்ல?"

நெடுவாலர் தண்ணீரைப் பார்த்தார். ஒரு காலும் தெரியவில்லை.

"முன்னங்கால்" என்றார்.

தாழை கரையேறி வந்து பின்னங்காலைத் தூக்கிக் காட்டினாள்.

பிறகு காட்டுப்பன்றி வாய் திறந்தது. "எனக்கு வயித்து வலின்னு போனேன். எனக்கும் நொச்சி இலைதான்."

முள்ளம்பன்றி ஒருத்தி முன்னால் வந்தாள். "என் வீட்டுக்காரர் மூச்சுவிட முடியாம அந்த மரத்தடியில படுத்துக் கிடந்தார். அவருக்கும் அதே இலைதான். இப்போ அவர் இல்லை. நான் இதை யார்கிட்டேயும் சொல்லலை. சொல்லி என்ன ஆகப்போகுதுன்னு இருந்துட்டேன்."

"நான் ஒருத்தன்" என்றார் நெடுவாலர். "எத்தனை பேரைப் பார்க்கிறது?"

"ஆள் போதலைன்னா என்கிட்ட வந்து கேட்டிருக்கணும்" என்றாள் யானைத் தலைவி. "பார்க்காமலே பார்த்தேன்னு சொல்லக் கூடாது. அமர்த்தினதோட விட்டுட்டேன், அது என் தப்பு. இனி அப்படி விட மாட்டேன்."

அன்றோடு நெடுவாலரின் வைத்தியம் நின்றது. ஒரு மழைக்காலம் முழுக்கக் கரடியம்மாவிடம் இருந்து, தரையில் உட்கார்ந்து, நோயாளியைத் தொட்டுப் பார்க்கக் கற்ற பிறகுதான் திரும்ப வரலாம் என்று முடிவாயிற்று. அதுவரை கரடியம்மாவே ஒன்றுவிட்டு ஒரு நாள் ஓடை தாண்டி வந்தாள். நெடுவாலர் தாழையிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அவள் பக்கம் பார்க்காமலே போனார்.

தாழையின் புண் ஆறியது. நொண்டல் மட்டும் அவளோடேயே தங்கிவிட்டது.

"இன்னுமா கோபம்?" என்று ஒரு நாள் காட்டுப்பன்றி கேட்டது.

"ஆமாம்" என்றாள் தாழை. "ஆனா, இப்போ அந்த வரிசையில யாரும் தலையைக் குனிஞ்சு நிக்கறதில்லை."

வைத்தியர் சரியாகப் பார்க்காவிட்டால் நோயாளி பயந்து வாயை மூடிக்கொள்ளக் கூடாது. வேறு வைத்தியரிடம் காட்டி உடம்பைக் காத்துக்கொண்டு, நடந்ததை நடந்தபடி உரியவர்களிடம் சொல்லிப் பதில் கேட்க வேண்டும்.